ஹனூர்ச் சாலையில் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா

டிசம்பரில் மைசூருக்குப் போகிறேன் என்றதும் கோயம்புத்தூரில் எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: தசராவுக்கே போயிருக்கலாமே? தசராவைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் போனது பொம்மைகளுக்காக.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த ரெஜினா மைசூரில் நர்ஸ். மூன்று தலைமுறையாக அந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் சில பேர் சேர்ந்து நகரத்தில் பொம்மைகளைத் திரட்டி, பொம்மைக் கடையே இல்லாத ஏதாவது ஒரு ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்த முறை அவர்கள் தேர்ந்தெடுத்தது காவிரிக் கரையில், கோபிநத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் ஒரு காட்டோரக் கிராமம். தமிழ் பேசும் ஊர். பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

சந்தனக் கடத்தல்காரனைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த அந்த வருடங்களில் அந்தக் காட்டைப் பற்றிய செய்தி இல்லாமல் எங்கள் பத்திரிகை ஒரு வாரம்கூட வெளிவந்ததில்லை. எல்லாம் துப்பாக்கிகளைப் பற்றிய செய்திகள். அங்கே குழந்தைகள் இருப்பதாக நாங்கள் எழுதியதாக ஞாபகமில்லை.

"ஒரு பத்தி எழுது, போதும்டி. ஆனா ஆபீஸ்ல உக்காந்து எழுதாதே. வண்டியில ஏறி வந்து எழுது" என்றாள் ரெஜினா தொலைபேசியில்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது உட்கார இடமில்லை. கட்டில், மேசை, தையல் மெஷின் எல்லாவற்றின் மேலும் பொம்மைகள். ரப்பர் பந்து, பிளாஸ்டிக் கார், கண்ணை மூடித் திறக்கும் பொம்மை, கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்து மரக் கிலுகிலுப்பை, சொப்புச் சாமான். மாதாகோயில் பெண்கள் சிலர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஜிகினாத் தாளில் சுற்றி, பசை ஒட்டி, ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்கு இரண்டாவது மாலையாம்.

ரெஜினா ஒரு அட்டைப்பெட்டியைக் காலால் கதவோரம் தள்ளினாள். உள்ளே பொட்டுவெடி வைத்துச் சுடும் துப்பாக்கிகள்.

"இது மட்டும் அந்தப் பக்கத்துக்கு வேணாம்."

"பசங்களுக்கு ரொம்பப் பிடிக்குமே" என்றாள் தாள் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்.

"அவங்க நெஜத்துப்பாக்கியையே பாத்து சலிச்சிருப்பாங்க, அல்வா? சும்னே எதுக்கு?"

ரெஜினாவின் தமிழ் அப்படித்தான்; 'இல்லையா' அல்வா ஆகும், 'சும்மா' சும்னே ஆகும். கோபம் வந்தால் முழுக்கக் கன்னடத்துக்குப் போய்விடும்.

சனிக்கிழமை காலை தோசை சாப்பிட்டோம். கோயம்புத்தூரில் தோசை முறுகலாக இல்லாவிட்டால் சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரிப்போம். மைசூரில் அது கைக்குட்டை மாதிரி மடிந்து கிடக்கிறது; உள்ளே வெண்ணெயும், சாகு என்கிற காய்கறிக் குருமாவும். முதல் வாய்க்கு வேகாத தோசையோ என்று சந்தேகம் வரும். மூன்றாவது தோசைக்குச் சொல்லும்போது சந்தேகம் போய்விட்டிருக்கும்.

பிறகு ரெஜினா என்னை ஒரு ஒர்க் ஷாப்புக்குக் கூட்டிப்போனாள். தகரக் கூரை, வேப்பமரம், மரத்தில் மாட்டிய பழைய டயர்கள். வாசலில் வரிசையாக யெஸ்டி வண்டிகள், ஒன்றிரண்டு ஜாவா, ஒரே ஒரு புல்லட். மறுநாள் போகவிருக்கும் வண்டிகளுக்கு அங்கேதான் கடைசிப் பார்வை. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் வண்டிகள் ஒன்றாகக் கிளப்பப்படும்போது எழும் நீலப் புகையில் வேப்பமரமே மறைந்தது. புல்லட்காரர் தள்ளி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கொசு மருந்து அடிக்கிறாங்க, மேடம்" என்றார் என்னிடம், கன்னடத்தில். அவர் மஞ்சுநாத், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. மற்றவர்கள் வண்டிகளை அவர் கேலி செய்வதும், எடை காரணமாக அவர் புல்லட்டை மற்றவர்கள் எருமை என்பதும் வழக்கம்போல நடந்தது.

புகைக்குள் குனிந்து உட்கார்ந்திருந்த மெக்கானிக் எழுந்து வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். முருகேசன் என்று வைத்துக்கொள்வோம்; அது அவன் பெயரில்லை.

"அக்கா பேப்பர்காரங்களா?"

"ஆமா."

"எம்பேரு போட்ராதீங்க."

"இவன்தான் எங்க கிறிஸ்துமஸ் தாத்தா" என்றாள் ரெஜினா. "மூணு வருஷமா. எங்க சபையில ஒருத்தனுக்கும் இவன் மாதிரி ஆட வராது. பேரு மட்டும் முருகன் பேரு."

அவன் சிரித்துவிட்டு உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தான். சிவப்புச் சாட்டின் அங்கி, பஞ்சு தாடி, ரோஜா நிறக் கன்னங்கள் உள்ள பிளாஸ்டிக் முகமூடி. வயிற்றுக்குத் தலையணை. முகமூடியின் கண் துளைகளைப் பிளேடால் இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டியிருந்தான்.

"வண்டி ஓட்டறப்ப நல்லாத் தெரியோணுமில்லீங்க" என்றான்.

திரும்பி வரும் வழியில் ரெஜினா மற்றதைச் சொன்னாள். நாங்கள் போகும் கிராமம் அவனுடைய சொந்த ஊர். காட்டோர ஊர்களில் வயசுப் பையன்களை அடிக்கடி விசாரணைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த சமயத்தில், அவனுடைய அப்பா அவனை ஒரு கட்டட மேஸ்திரியோடு மைசூருக்கு அனுப்பிவிட்டார். பிறகு அப்பா இறந்துபோனார். ஊரில் இருப்பது ஒரே அக்கா. அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை. குழந்தைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி வேண்டும். அந்தக் குடும்பத்தில் தாய்மாமன் இவன் ஒருவன்தான்.

இரண்டு முறை நாள் குறித்தார்கள். முதல் முறை பஸ் ஓடவில்லை என்று சொல்லியனுப்பினான். இரண்டாவது முறை பஸ்ஸில் ஹனூரைத் தாண்டியும் போய்விட்டான். செக்போஸ்ட்டில் முன்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஆண்களை எல்லாம் இறக்கி வரிசையாக நிறுத்தியிருந்ததைப் பார்த்தான். இறங்கித் திரும்பி நடந்துவிட்டான். ஊரில் ஆசாரி வந்து உட்கார்ந்து, சொந்தக்காரர்கள் கூடி, பொழுது சாயும்வரை பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து பேச்சில்லை.

"இந்த வருஷம் அந்த ஊர்னு முடிவானப்ப நான் வரலன்னான். அப்புறம் அவனே வந்து, முகமூடி போட்டுட்டு வந்தா யாருக்கும் தெரியாதில்ல சிஸ்டர், அப்படின்னான். அந்தப் பொண்ணை ஒருதடவை பாக்கணும். அவ கையில ஒரு பொம்மை குடுக்கணும். அவ்ளோதான்."

"காது குத்தியிருப்பாங்களா?"

"வேற யார் மடியிலயாவது வெச்சுக் குத்தியிருப்பாங்கங்கறான். அதைப் பத்தி மட்டும் அவன்கிட்ட பேசாதே."

ஞாயிறு காலைப் பூசை முடிந்து பாதிரியார் வண்டிகளின் மேல் தீர்த்தம் தெளித்தார். எல்லா வண்டிகளின் பின்சீட்டிலும் சாக்கு மூட்டைகள். தாத்தாவின் மூட்டை மட்டும் வெறும் பஞ்சு, கொஞ்சம் கனம்கூட இல்லாதது. அதை முன்னால் டேங்க் மேல் கட்டிக்கொண்டான். அதனால் பின்சீட்டில் இடம் இருந்தது ஒரு வண்டியில்தான். நான் அதில் ஏறினேன். ரெஜினா தன் ஸ்கூட்டரில் வந்தாள்.

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நரசீபுரத்துச் சாலையில் போவது கௌரவமான பயணமல்ல. கரும்பு வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு கல்யாண வேன் எங்களோடு கொஞ்ச தூரம் ஒட்டியே வந்தது, மாப்பிள்ளை கையசைத்தார். தலையணை வயிறு காற்றில் ஒரு பக்கமாக நகர்ந்து நகர்ந்து முருகேசனின் இடுப்புக்கு வந்துவிடும். அவன் ஒரு கையால் அதை முன்னுக்கு இழுத்துக்கொள்வான்.

காலை உணவு சௌசௌபாத். ஒரே தட்டில் ஒரு பக்கம் காரமான ரவை உப்புமா, மறுபக்கம் கேசரி. நம் பக்கத்தில் இனிப்பையும் காரத்தையும் இலையின் இரண்டு மூலைகளில் வைத்துப் பிரித்துவிடுவோம். இங்கே அவை தோளோடு தோள் உரசிக்கொண்டு வருகின்றன. மஞ்சுநாத் இரண்டையும் பிசைந்தே சாப்பிட்டார்.

கொள்ளேகாலில் டீ. கடைக்காரர் தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் முடித்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார், சொன்னோம். சாயங்காலம் இருட்டுவதற்குள் அந்தப் பக்கம் கேட்டைச் சாத்திவிடுவார்கள், அதற்கப்புறம் எந்த வண்டியும் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது என்றார். மஞ்சுநாத் தலையாட்டினார். அதற்குத்தான் இவ்வளவு சீக்கிரம் கிளம்பியது.

ஆனால் கொள்ளேகாலைத் தாண்டியதும் எங்கள் வண்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. முருகேசன் ஓரம் கட்டினான். "பிளக்குல கரி புடிச்சிருச்சுங்க." ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, ஊதி, மாட்டினான். இந்த வண்டியில் உதைத்துக் கிளப்பும் கம்பியும் கியர் போடும் கம்பியும் ஒன்றேதான். கிளப்பிய கையோடு, அதாவது கிளப்பிய காலோடு, அதை முன்னால் மடக்கினால் கியர். அந்த வித்தையை வேடிக்கை பார்த்தேன்.

ஹனூருக்கு முன்னால் மறுபடி நின்றது. மறுபடி பிளக். மஞ்சுநாத் புல்லட்டைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்கறவன் வண்டிக்கு என்னப்பா வியாதி?"

"டூ ஸ்ட்ரோக்குன்னா அப்படித்தான் சார். உங்க எருமைக்குப் புரியாது."

ஹனூரைத் தாண்டிக் காடு தொடங்கும் இடத்தில் மூன்றாவது முறை நின்றது. இந்த முறை நான் இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் கழற்றிய பிளக் சுத்தமாக இருந்தது. காப்பித்தூள் நிறம், கரியின் பொட்டுகூட இல்லை. இருந்தும் அதை உப்புத்தாளில் தேய்த்தான். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தான். கழுத்துவரை வியர்வை.

"பிளக் நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தான். "ஆமாங்க" என்றான் பிறகு.

"திரும்பிப் போயிடலாம்னு இருக்கா?"

"நான் திரும்புனா இந்த மூட்டையெல்லாம் என்னாவறது? எல்லாரும் நிப்பாங்க. கேட்டைச் சாத்திருவாங்க." பிளக்கை மாட்டினான். "போலாங்க. முகமூடிதான் இருக்குதுல்ல."

செக்போஸ்ட் ஊரின் வாயிலிலேயே இருந்தது. மூங்கில் தடுப்பு, மணல் மூட்டைகள், ஒரு கூடாரம். அதிகாரி மரியாதையானவர். கன்னடம் மட்டும் பேசினார். இங்கே தமிழில் தருகிறேன். எங்கள் வருகை அவருக்கு முன்பே தெரியும். ஆனாலும் இரண்டு நிபந்தனைகள்: எல்லா மூட்டைகளையும் பிரித்துக் காட்ட வேண்டும், எல்லோரும் முகத்தைக் காட்ட வேண்டும்.

முதல் நிபந்தனை ரெஜினாவைச் சாய்த்தது. "எல்லாமா? ஒவ்வொண்ணுமா?"

"ஒவ்வொன்றும், சிஸ்டர். நீங்கள் ஊசி போடுவதற்கு முன்னால் சீட்டைப் பார்க்கிறீர்கள் அல்லவா? அதே மாதிரிதான்."

சாலையோரத்தில் தார்ப்பாயை விரித்து உட்கார்ந்தோம். இரண்டு மாலைகள் சுற்றிய ஜிகினாத் தாள்களைப் பிரிக்க ஆரம்பித்தோம். கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு உதவிக்கு வந்தார்கள். ஒருவர் பசை ஒட்டிய இடத்தைக் கிழியாமல் நகத்தால் நிமிண்டி, தாளை நான்காக மடித்து, மேலே கல் வைத்தார். மூட்டைகள் திறந்தபோது பெட்ரோல் வாசனை அடித்தது. கரடி பொம்மைகள் எல்லாம் ஒர்க் ஷாப்பில் பிறந்தவை மாதிரி மணத்தன.

இரண்டாவது நிபந்தனைக்கு எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். முருகேசன் நின்றுகொண்டே இருந்தான்.

"இவர் கிறிஸ்துமஸ் தாத்தா" என்றார் மஞ்சுநாத், அது ஒரு பதவி என்பதைப் போல.

"தாத்தாவாக இருந்தாலும் முகம் தெரிய வேண்டும்."

அவன் தாடியையும் முகமூடியையும் கழற்றினான். அதிகாரி லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் படித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"நிரந்தர முகவரி இந்த ஊர். மைசூரிலிருந்து வருகிறவர்கள் என்றுதானே சொன்னீர்கள்?"

மஞ்சுநாத்துக்கே அது தெரியாது. அவர் முருகேசனைப் பார்த்தார்.

அதிகாரி குரலை உயர்த்தவில்லை. இந்த ஊர்க்காரன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் யாரானாலும், ஊரில் ஒருவர் வந்து ஆமாம் என்று சொல்ல வேண்டும், அது விதி. அதற்கு இஷ்டமில்லையென்றால் இங்கேயே உட்கார்ந்திருக்கலாம், மற்றவர்கள் போய்விட்டு வரட்டும்; டீ தருகிறேன். "யாரைக் கூப்பிடட்டும்?"

அந்த இடத்தில் அவன் உட்கார்ந்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் வீடுகளின் ஓடுகள் தெரிந்தன. எங்கோ கோழி கத்தியது. ரெஜினா மடித்துக்கொண்டிருந்த தாளை அப்படியே கையில் வைத்திருந்தாள்.

"செல்வின்னு சொல்லுங்க" என்றான் தமிழில். பிறகு கன்னடத்தில் திருப்பிச் சொன்னான். "ராசப்பன் சம்சாரம் செல்வி. எங்கக்கா."

ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் போனார். அவர் திரும்பி வந்தபோது சைக்கிளுக்குப் பின்னால் ஊர்க் குழந்தைகள் பாதிப் பேர் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், அவசரப்படாமல், புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பெண். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு ஆறேழு வயதுச் சிறுமி.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றாள். சிவப்பு சாட்டின் அங்கியும் தலையணை வயிறும் முகமூடியில்லாத முகமுமாக நின்றவனை மேலிருந்து கீழே பார்த்தாள். குழந்தைகளில் ஒருவன், "கல்யாணத்துக்குப் பேண்டு வாசிக்கறவரு" என்று மற்றவர்களுக்கு விளக்கினான்.

அதிகாரி தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "இவன் யாரும்மா? தெரியுமா?"

நான் செய்திக்காகப் பல வாசல்களில் நின்றிருக்கிறேன். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இவ்வளவு நேரம் இருந்ததாக நினைவில்லை.

"தெரியுமுங்க" என்றாள். "எந் தம்பிதானுங்க. வரேன் வரேன்னு ரெண்டு தடவ சொல்லிப்போட்டு வராதவனுங்க. ஆளு அவனேதான்."

அதிகாரிக்குக் கடைசி வார்த்தை மட்டும் போதுமாக இருந்தது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

முருகேசன் அக்காவைப் பார்க்கவில்லை. சிறுமியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அப்போதுதான் கவனித்தேன். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்ட தலை. இரண்டு காதுகளும் நன்றாகத் தெரிந்தன. தோடு இல்லை. ஈர்க்குச்சி இல்லை. துளையே இல்லை.

"இவருதான் மாமனாம்மா?" என்றாள் அவள்.

"ஆமா."

"ஏன் கவுனு போட்டிருக்காரு?"

"அவனையே கேளு." செல்வி திரும்பி நடக்க ஆரம்பித்தாள். நாலடி போய்த் தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "வண்டிய வெயில்ல போடாத. புளியமரத்தடியில விடு."

பள்ளிக்கூடத் திண்டில் பொம்மைகளைப் பரப்பினோம். தாள் சுற்றாத பொம்மைகளைக் கொடுப்பது ரெஜினாவுக்கு மனக்குறையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நன்மை: எது வேண்டும் என்று பார்த்துக் கேட்க முடிந்தது. பெண்களுக்கு என்று ஒதுக்கிவைத்த சொப்புச் சாமானைப் பையன்கள் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு பெண் கிரிக்கெட் மட்டையைக் கேட்டு வாங்கி, மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள். பேட்டரி கார்களோடு பேட்டரி வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவை கயிறு கட்டி இழுக்கப்பட்டன. கரடியை முகர்ந்து பார்த்த ஒரு சிறுவன், "பஸ்ஸு வாசம்" என்று கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்கு அது பிடித்திருந்தது.

எல்லாம் கொடுத்து முடிந்த பிறகும் குழந்தைகள் நகரவில்லை. என்ன வேண்டும் என்று ரெஜினா கேட்டாள். தாள் என்றார்கள். ஜிகினாத் தாள், புத்தகத்துக்கு அட்டை போட. கான்ஸ்டபிள் மடித்துக் கல் வைத்து, எங்களிடம் கொடுத்தனுப்பியிருந்த கட்டு மொத்தமும் ஒரு நிமிஷத்தில் காலியானது. ரெஜினாவின் முகம் தெளிந்தது அப்போதுதான்.

முருகேசன் ஆடினான். தாடி இல்லாமல், முகமூடி இல்லாமல், பிளாஸ்டிக் வாளியில் ஒருவர் தட்டிய தாளத்துக்கு. நன்றாகவே ஆடினான் என்றாலும், முகம் தெரிந்து ஆடுகிறவனுக்கு உள்ள கூச்சம் கால்களில் இருந்தது. ஊர்க்காரர்கள் சிலர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். மைசூரில் இதுதான் வேலையா என்று ஒருவர் கேட்டார். சம்பளம் உண்டா என்றார் இன்னொருவர்.

சாப்பாடு செல்வி வீட்டில். எல்லோருக்குமல்ல, கூப்பிட்டது என்னையும் ரெஜினாவையும் மஞ்சுநாத்தையும். தம்பியைக் கூப்பிடவில்லை, ஆனால் தட்டு நான்கு வைத்திருந்தாள். ராகிக் களி, கீரைக் குழம்பு. மஞ்சுநாத் களியைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்கினார். நான் மென்றேன். சிறுமி என் வாயையே பார்த்துவிட்டு, "இவிங்களுக்குத் திங்கத் தெரீல" என்றாள்.

முருகேசன் சாப்பிடவில்லை. களியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்:

"ஏங்க்கா குத்தல?"

செல்வி அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். "மடி இல்லாம எங்க உக்காரவெச்சுக் குத்தறது?"

"மச்சான் பங்காளிக யாராச்சும்…"

"அவிங்க மாமனா?" கரண்டியைக் கீழே வைத்தாள். "பள்ளிக்கூடத்துல இவளப் பையன் பையன்னு கிண்டல் பண்றாங்க. அழுதுட்டு வருவா. ஊரே சொல்லுச்சு, யார் மடியிலயாச்சும் வெச்சுக் குத்திவுடுன்னு. அப்படிக் குத்தியிருந்தா நீ வராததுதான் சரின்னு ஆயிருமில்ல?"

மஞ்சுநாத்துக்குத் தமிழ் புரியும். அவர் களியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையில நாள் பாக்கறேன்" என்றாள் செல்வி. "வர்றதா இருந்தா வரேன்னு சொல்லு. இல்லீன்னா இப்பவே சொல்லிப்போடு."

"வரேன்."

"மொதல்லயும் இதேதான் சொன்ன."

"அப்ப செக்போஸ்ட்டுல எம்மூஞ்சி யாருக்கும் தெரியாதுக்கா" என்றான். "இப்பத் தெரியும்."

அவள் அவன் தட்டைப் பார்த்தாள். "ஆறிப்போச்சு. தின்னு."

கிளம்பும்போது சிறுமி புளியமரத்தடியில் வண்டியை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். ஹெட்லைட்டில் தன் முகம் வீங்கித் தெரிவதைப் பார்த்து நாக்கை நீட்டினாள். தன் பங்குக்கு எந்தப் பொம்மையை வாங்கிக்கொண்டாள் என்று கேட்டேன். பம்பரம் என்றாள். மாமன் கொடுத்தது என்று சேர்த்துச் சொல்லவில்லை. அவன் பெட்ரோல் டேங்க் மேல் அவளைத் தூக்கி உட்காரவைத்து, ஊர்க்கடைசி வரை மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய்த் திரும்பினான். நான் மரத்தடியில் காத்திருந்தேன். இந்த முறை பிளக் தகராறு செய்யவில்லை.

செக்போஸ்ட்டில் தடுப்பைத் தூக்கும்போது வெயில் இறங்கிவிட்டிருந்தது. கூடாரத்துக்குள் ஒரு கான்ஸ்டபிள், முருகேசன் கழற்றி அங்கேயே விட்டுப்போயிருந்த முகமூடியை மாட்டிக்கொண்டு சின்னக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கழற்றினார். தன் பையனுக்கு இதைக் கொடுக்கலாமா என்று கேட்டார். எடுத்துக்குங்க சார் என்றான் முருகேசன்.

காலி சாக்குகளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வண்டிகள் வேகமாகப் போயின. கொள்ளேகாலில் யாரும் நிற்பதாக இல்லை. மைசூர் போய்ச் சாப்பிடலாம் என்று மஞ்சுநாத் சொல்லியிருந்தார். ஆனால் பட்டுக் கடைகள் இருக்கும் தெருவில் முருகேசன் கையைக் காட்டிவிட்டு ஓரம் கட்டினான். பின்னால் வந்த எல்லா வண்டிகளும் நின்றன.

"மறுபடி பிளக்கா?" என்றார் மஞ்சுநாத்.

"இல்ல சார். பாவாடைத் துணி."

மாமன் சீர் என்றால் பட்டுப்பாவாடை இல்லாமல் நடக்காது. கடைக்காரர் துணிகளைப் பிரித்துப் போட்டார். தோல் ஜாக்கெட்டும் புழுதி முகமுமாக நாலைந்து பேர் கவுண்டரில் சாய்ந்து நின்று கன்னடத்தில் சண்டை போட்டார்கள். பச்சை என்றார் ஒருவர். பச்சை மாமியார்கள் கட்டுவது, அரக்கு எடு என்றார் இன்னொருவர். கணக்கு வாத்தியார் மயில் கழுத்து நிறத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் முருகேசன் முன்னால் வைத்தார். அதுவே முடிவாயிற்று.

"பொண்ணு என்ன உசரம்?" என்று கேட்டார் கடைக்காரர்.

முருகேசன் விழித்தான். கையைத் தரையிலிருந்து மேலே கொண்டுவந்து இடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினான். கொஞ்சம் ஏற்றினான். கொஞ்சம் இறக்கினான்.

"இப்படிக் காட்டினா நான் எப்படி வெட்டறது, ஸ்வாமி?"

அவன் சட்டென்று வெளியே போனான். கடைக்காரர் இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பின்னால் போனார், நாங்களும் போனோம். வண்டியின் ஹெட்லைட் மேல் அவன் உள்ளங்கையை வைத்தான்.

"இது வரைக்கும்."

கடைக்காரர் குனிந்து தெருத்தரையிலிருந்து டேப்பைப் பிடித்தார். எண் தெரியவில்லை, இருட்டத் தொடங்கியிருந்தது. மஞ்சுநாத் புல்லட்டின் விளக்கைப் போட்டு அந்தப் பக்கமாகத் திருப்பினார். கடைக்காரர் அளவைச் சத்தமாகப் படித்து, அதில் பாவாடைக்கு எவ்வளவு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுச் சொன்னார்.

முருகேசன் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். பிறகு, தைக்குள் வளர்ந்துவிடுவாள், நாலு விரல் கூட வைத்து வெட்டுங்கள் என்றான்.